கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கொடியைப் படமெடுக்க

வணக்கம். நியூயார்க் ஈஸ்ட் வில்லேஜில் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள உக்ரைன் கொடிகளை எடுத்தால் எதிர்க் கட்டடங்களே பதிவாகின்றன என்று கேட்டிருந்தீர்கள். உதாரணத்துக்கு, 1954 முதல் இயங்கும் வெசெல்கா என்ற உக்ரைனிய உணவகம் செகண்ட் அவென்யூவின் கிழக்குப் பக்கம் இருக்கிறது. காலை வெயில் எதிர் வரிசையில் விழுவதால் கண்ணாடியில் அதுவே ஓங்கித் தெரியும். அந்தி மங்கி, கடை விளக்குகள் எரியும்போது போங்கள். போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டும் வடிகட்டி) இருந்தால் நேரெதிரே நிற்காமல், கண்ணாடிப் பரப்புக்குச் சுமார் 35 பாகைச் சாய்வில் நின்று அதைச் சுழற்றுங்கள். பிரதிபலிப்பு பெருமளவு குறையும். கொடியின் மஞ்சள் வெளுக்காமலிருக்க எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விழும் ஒளியின் அளவை) சற்றுக் குறையுங்கள். கடைப்பெயரும் சட்டகத்துக்குள் வரட்டும். வெறும் கொடியை எந்த ஊரிலும் எடுக்கலாமே!

அதே பகுதியில், தாராஸ் ஷெவ்சென்கோ பிளேஸ் என்ற தெருவின் முனையிலுள்ள புனித ஜார்ஜ் உக்ரைனியத் தேவாலயத்தையும் தவறவிடாதீர்கள். அங்கே பிரார்த்தனைக்கு வருபவர்களின் முகங்களை மட்டும் கேட்காமல் எடுக்க வேண்டாம். அவர்களின் உறவினர்கள் போர்முனையில் இருக்கலாம்.