வட்டத் திரைப் படம் மாமியாருக்கு ஒத்துக்கொள்ளுமா?

கேள்வி: ஜூன் விடுமுறையில் ஆர்லாண்டோவுக்குப் போகிறோம். டிஸ்னியின் எப்காட் பூங்காவில், சுற்றிலும் திரை வைத்து நாடு நாடாகக் காட்டும் படங்களைப் பார்க்க ஆசை. மாமியாருக்கு 71 வயது. பேருந்து நாலு வளைவு திரும்பினாலே தலைசுற்றும். மகளுக்கு 5 வயது. கூட்டிப் போகலாமா? (சிங்கப்பூர் யீஷூன் வாசகி)

பதில்: எப்காட்டில் இருப்பவை இரண்டு வகை. கனடா, சீனா அரங்குகளில் ஓடுவது ‘சர்க்கிள்-விஷன் 360’. வட்ட அறையில் 9 திரைகள். நடுவே நின்றுகொண்டே பார்க்க வேண்டும். (ஒவ்வொரு திரைக்கும் நேர் எதிரே இரு திரைகளுக்கு நடுவிலான இடுக்கு வந்தால்தான் அங்கே புரொஜெக்டரை ஒளித்து வைக்க முடியும். அதனால்தான் ஒற்றைப்படை.) மற்றொன்று ‘சோரின்’. இருக்கையில் பெல்ட் மாட்டி, சுமார் 12 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி, குழிந்த ராட்சதத் திரையின் முன்னால் தொங்கவிடுவார்கள்.

கண் ‘பறக்கிறோம்’ என்கிறது, சமநிலையை உணரும் உள்காது ‘நின்ற இடத்திலேயே நிற்கிறோம்’ என்கிறது. இந்தச் சண்டைதான் குமட்டலாக வருகிறது. ஓரக்கண்ணில் அசைவு கூடக் கூட அது மோசமாகும். கேமரா விமானத்தோடு சாயும்போது நிற்கிற கூட்டமும் தன்னையறியாமல் சேர்ந்து சாயும். பார்க்க வேடிக்கைதான், ஆனால் வயதானவர்கள் தடுமாறுவதும் அப்போதுதான்.

ஆனாலும் மாமியாருக்கு நான் சொல்வது வட்டத் திரைதான். சாய்ந்துகொள்ளக் கம்பி உண்டு. சக்கர நாற்காலியிலும் உள்ளே போகலாம். வெளியேறும் கதவுப் பக்கமாக நிறுத்துங்கள். தலை கிறுகிறுத்தால் கம்பியையோ தரையையோ பார்க்கச் சொல்லுங்கள், அசையாத ஒன்றில் கண் பட்டாலே பாதி அடங்கிவிடும். சோரினில் இருக்கை படத்தோடு சேர்ந்து அசைவதால் சிலருக்குக் குமட்டல் குறைவுதான். ஆனால் பாதியில் இறங்க முடியாது. உயரத்துக்குப் பயப்படுபவர் என்றால் வேண்டவே வேண்டாம்.

டிக்கெட் எடுக்குமுன் ஒரு சனிக்கிழமை ஜூரோங்கில் அறிவியல் நிலையத்தின் ஓம்னி தியேட்டருக்கு அழைத்துப் போங்கள். 23 மீட்டர் கவிகைத் திரை. கடைசி வரிசையில் உட்காரவையுங்கள். அங்கேயே கண்ணை மூடிக்கொண்டால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும். தலைசுற்றல் மாத்திரை தூக்கம் வரவழைக்கும். ஏற்கெனவே வேறு மருந்து எடுப்பவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

மகளின் உயரத்தை வீட்டுச் சுவரிலேயே அளந்துவிடுங்கள். சோரினுக்கு 102 செ.மீ. வேண்டும். ஏறும்போது நடுப்பகுதியின் முதல் வரிசையைக் கேளுங்கள். பின்வரிசைக்காரர்களுக்கு மேலே தொங்கும் செருப்புக் கால்கள்தான் கண்ணில் படும். ஓரத்தில் இருந்தால் நேரான கோபுரமும் வில்லாய் வளைந்து நிற்கும்.