சிக்னலில் உதறும் கார்: த்ராட்டில் பாடியை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் கார். 85,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சிக்னலில் நின்றால் ஆர்.பி.எம். முள் 500-க்கும் 1,000-க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. ஏசி போட்டால் சில நேரம் என்ஜின் ஆஃப் ஆகிவிடுகிறது. ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்லை. த்ராட்டில் பாடியையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். சுத்தம் செய்தால் போதாதா? நானே செய்யலாமா?

பதில்: மாற்ற அவசரப்படாதீர்கள். முதலில் சுத்தம் செய்து பாருங்கள். நீங்களே செய்யலாம், ஆனால் கடைசியில் சொல்லப்போகும் ஒரு வேலையை விட்டுவிடக் கூடாது.

ஓடும்போது நன்றாக இருந்து, நின்றால் மட்டும் முள் ஆடுகிறது என்பது நல்ல துப்பு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்குள் இருக்கும் வட்டத் தகடு கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். அதன் விளிம்பில் மிஞ்சும் மெல்லிய இடைவெளி வழியாகத்தான் என்ஜின் மூச்சு விடுகிறது. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கசியும் புகை, எண்ணெய் ஆவியோடு சேர்ந்து மறுபடி காற்றுப் பாதைக்கே திருப்பி விடப்படுகிறது. அந்தப் பிசுக்கு, தகடு மூடும் இடத்தில் கரிய வளையமாகப் படியும். வேகமாகப் போகும்போது தகடு அகலத் திறந்திருப்பதால் வளையம் ஒரு பொருட்டே இல்லை. நிற்கும்போது அதுவே வழியை அடைக்கிறது. ஏசி கம்ப்ரசரின் சுமையும் சேர்ந்தால் என்ஜின் திணறி நிற்கிறது.

முள் அசையாமல் நின்று, வண்டி மட்டும் உதறினால் கதை வேறு. அப்போது என்ஜின் மவுண்ட், ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் பார்க்க வேண்டும். செக் என்ஜின் விளக்கு மினுக்கினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள்; அதோடு ஓட்டாதீர்கள்.

த்ராட்டிலில் கைவைக்கும் முன் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். காற்று உள்ளே போகும் (இன்டேக்) பக்கத்து ரப்பர் ஹோஸ்களை வளைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தால் காற்று திருட்டு வழியாக உள்ளே போகிறது. அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு துடைத்தாலும் பலன் இருக்காது.

இனி வேலைக்கு வருவோம். என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும். கிளீனர் எளிதில் தீப்பிடிக்கும். உங்கள் மாடல் வருடத்துக்கு அநேகமாக மோட்டாரால் இயங்கும் எலக்ட்ரானிக் த்ராட்டிலாக இருக்கும். ஆக்சிலரேட்டர் கேபிள் வந்து சேராவிட்டால் அதுதான். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகே கனெக்டரைத் தொடுங்கள். தகட்டை விரலால் வலுக்கட்டாயமாகத் தள்ளாதீர்கள். உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கும், உடைந்தால் மெக்கானிக் சொன்ன செலவு நிஜமாகவே வந்துவிடும். அதனால்தான் போல்ட்டுகளைக் கழற்றி பாடியை வெளியே எடுத்துத் துடைக்கச் சொல்கிறேன். தகட்டின் பின்பக்க அழுக்கும் அப்போதுதான் கைக்கு எட்டும். சில கார்களில் கூலன்ட் ஹோஸ் இதன் வழியே போகும். உங்களுடையதில் அப்படி இருந்தால், பழக்கமில்லாத பட்சத்தில் மெக்கானிக்கிடமே விடுங்கள்.

த்ராட்டில் பாடி கிளீனர் என்று போட்ட டின்னையே வாங்குங்கள். கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம்; சில பாடிகளில் உள்சுவரிலும் தகட்டிலும் மெல்லிய பூச்சு இருக்கும், அது போய்விடக் கூடும். நூல் பிரியாத துணியில் கிளீனரை அடித்து, அந்தத் துணியால் துடையுங்கள். தகட்டின் அச்சிலும் மோட்டார் பக்கமும் நேரடியாகப் பீய்ச்சக் கூடாது. கரி இளகி, துணி கறுப்பாக வருவது நின்றால் போதும். உப்புத்தாள், ஸ்க்ரூடிரைவர் முனை எதுவும் பக்கத்திலேயே வரக் கூடாது. மாட்டும்போது, காற்று கசியாமல் இடையில் வைக்கும் கேஸ்கெட் நைந்திருந்தால் புதிது போடுங்கள்.

இப்போது அந்தக் கடைசி வேலை. பாதை அடைபட அடைபட, தகட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைக்க இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பழகியிருக்கும். அழுக்கு போன பிறகும் பழைய கணக்கிலேயே திறந்தால், ஐடில் 1,500-க்கு ஏறி நிற்கலாம். சுத்தம் செய்தபின் வண்டி இன்னும் மோசமாகிவிட்டது என்று பலர் பதறுவது இதனால்தான். சில கார்கள் ஓட ஓடத் தாமாகவே கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்கு, காரின் கணினியோடு பேசும் ஸ்கேனர் கருவியை மாட்டி 'ஐடில் ரீலேர்ன்' செய்ய வேண்டும். முறை மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் இருப்பதை அப்படியே செய்யுங்கள். இதற்கு மட்டும் மெக்கானிக்கிடம் போனாலும் தவறில்லை.

என்ஜின் சூடானபின் ஏசி இல்லாமல் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் முள் 650 முதல் 850-க்குள் நிலையாக நிற்கும். ரீலேர்ன் முடிந்தும் ஆடினால், ஸ்கேனரில் என்ன பிழைக் குறியீடு (code) வருகிறது என்று கேளுங்கள். த்ராட்டில் மோட்டார் அல்லது அதன் பொசிஷன் சென்சார் பற்றிய குறியீடு அழித்தபின்னும் திரும்ப வந்து, வயரிங்கும் கனெக்டரும் சரியாக இருந்தால் புது பாடி வாங்கலாம். தகட்டின் அச்சு தேய்ந்து ஆடினாலும் அப்படித்தான்.