நள்ளிரவுக்குள் திரும்ப வேண்டிய சிலுவை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் வசந்தத்தில் குடும்பத்துடன் இத்தாலி செல்கிறோம். ரோமிலிருந்து ஓர்வியேத்தோ போகும்போது சிவிதா தி பஞ்ஞோரெஜோ என்ற மலையுச்சிக் கிராமத்தைப் பார்க்க எண்ணம். அரை நாள் போதுமா? ஊருக்குள் நுழைய 5 யூரோ வாங்குகிறார்களாமே, இது நியாயமா? பெரிய வெள்ளி ஊர்வலமும் கழுதைப் பந்தயமும் அங்கே பிரசித்தம் என்று படித்தேன். ஆனால் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டுமே வசிக்கும், 'செத்துக்கொண்டிருக்கும் ஊர்' என்று பெயரெடுத்த இடத்தில் பாரம்பரியம் என்று என்ன மிஞ்சியிருக்கும்? பயணிகளுக்காக நடத்தும் நாடகம்தானே அது?

கே., மியூனிக்

அன்புள்ள கே.,

தெருக்களைச் சுற்றிவர அரை நாள் தாராளமாகப் போதும். கட்டணத்தைப் பற்றி விவாதிக்க எனக்கு விருப்பமில்லை. 2013இல் ஒன்றரை யூரோவில் தொடங்கியது, இப்போது 5 ஆகியிருக்கிறது. அந்த ஊர் நிற்பது எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்பாறையின் மேல். பாறைக்கு அடியில் இருப்பது களிமண். மழையும் இருபுறத்து ஓடைகளும் அந்தக் களிமண்ணை அரித்துக்கொண்டே இருப்பதால், மேலே உள்ள பாறை விளிம்பிலிருந்து உடைந்து விழுந்துகொண்டே இருக்கிறது. விமானத்துக்கும் விடுதிக்கும் கணக்குப் பார்க்காத நீங்கள் இந்த 5 யூரோவுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

உங்கள் கடைசிக் கேள்விதான் என்னைப் பதில் எழுத வைத்தது. ஒரு ஊரின் மனிதர்கள் யார் என்பதைப் பற்றிக் கொஞ்ச காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த யோசனையின் நடுவில், குடியிருப்போர் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு வழிபாட்டை நாடகம் என்று நீங்கள் தீர்ப்பெழுதியிருப்பதைப் படித்தபோது வருத்தமாகவும் கோபமாகவும் இருந்தது. 'செத்துக்கொண்டிருக்கும் ஊர்' என்று அதைச் சொன்னவர், பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் பக்கத்து ஊரான பஞ்ஞோரெஜோவிலேயே பிறந்த எழுத்தாளர் போனவெந்தூரா டெக்கி. தன் கண்ணெதிரே சரிந்துகொண்டிருந்த மண்ணைப் பார்த்து அவர் பட்ட துயரம் அது. அதைப் பயண விளம்பரங்களிலிருந்து எடுத்து அந்த ஊருக்கு எதிரான சாட்சியமாக நீங்கள் பயன்படுத்தக் கூடாது.

நடந்தது என்ன என்று பாருங்கள். ரோமானியர்களுக்கு முன் மத்திய இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கர்கள் 2500 ஆண்டுகளுக்கு முன் அமைத்த குடியிருப்பு அது. பிரான்சிஸ்கன் துறவியும் இறையியலாளருமான புனித போனவெந்தூரா 13ஆம் நூற்றாண்டில் அங்கேதான் பிறந்தார். அவருடைய வீடு இருந்த இடம் எப்போதோ பள்ளத்தாக்கில் சரிந்துவிட்டது. இன்று நாம் சிவிதா என்று சொல்வதுதான் அன்றைய நகரத்தின் மையம். பஞ்ஞோரெஜோ அதன் புறநகரமாக இருந்தது. 1695இல் வந்த நிலநடுக்கம் இதைத் தலைகீழாக்கியது. ஆயரும் நிர்வாகமும் பஞ்ஞோரெஜோவுக்கு இடம்பெயர்ந்தார்கள், மக்களும் பின்தொடர்ந்தார்கள். சிவிதாவின் புனித தொனாத்துஸ் ஆலயம் பேராலயம் என்ற தகுதியை இழந்தது. வாயிலைத் தாண்டி உள்ளே போனால் ஒரு மாளிகையின் முகப்பு நிற்கிறது. அதன் ஜன்னல்கள் வழியாக வானம் தெரியும், ஏனென்றால் முகப்புக்குப் பின்னால் இருந்த மாளிகை பள்ளத்தாக்கில் விழுந்துவிட்டது.

இவ்வளவும் கைவிட்டுப் போன பிறகும் அந்த ஆலயத்தில் ஒரு பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் அறையுண்ட இயேசுவின் சிலை, இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் பேரி மரத்தில் செதுக்கியது. ஆலயத்தில் இருந்த ஒரு பெண்மணி அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று என் முழங்கையைப் பிடித்து நகர்த்திக் காட்டினார். ஒரு பக்கம் நின்றால் கடைசி மூச்சை விடும் முகம். மறுபக்கம் வந்தால் அதே உதடுகளில் மெல்லிய புன்னகை. 1499இல் கொள்ளைநோய் பரவியபோது, மன்றாடிய ஒரு பெண்ணிடம் இந்தச் சுரூபம் பேசி, நோய் விலகும் என்று சொன்னதாக ஊரார் நம்புகிறார்கள்.

பெரிய வெள்ளியன்று இந்தச் சுரூபத்தை இறக்கி, தூம்பா என்னும் பாடையில் கிடத்தி, தோளில் சுமந்து பஞ்ஞோரெஜோவுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே ஊர்வலம் முடிந்ததும் அது நள்ளிரவுக்குள் சிவிதாவுக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால் அதைத் தாங்களே வைத்துக்கொள்ளும் உரிமை பஞ்ஞோரெஜோக்காரர்களுக்கு வந்துவிடும் என்பது தலைமுறைகளாகச் சொல்லப்படும் நிபந்தனை. ஆயரையும் நிர்வாகத்தையும் மனிதர்களையும் எந்த ஊரிடம் இழந்தார்களோ, அந்த ஊருக்கே, மிஞ்சியிருக்கும் ஒரே செல்வத்தை ஆண்டுதோறும் தாங்களாகவே எடுத்துச் சென்று, கெடு முடிவதற்குள் மீட்டுக்கொண்டு வருகிறார்கள். தங்கள் ஊரின் பட்டாவை ஆண்டுக்கொரு முறை அவர்கள் இப்படித்தான் புதுப்பிக்கிறார்கள். இதை யாருக்காக நடிக்க முடியும், சொல்லுங்கள்? பார்வையாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நள்ளிரவு வந்துவிடும் அல்லவா?

நான் அந்த இரவில் பாலத்தின் சிவிதா முனையில் நின்றிருந்தேன். 1965இல் கட்டிய அந்தக் கான்கிரீட் பாலம், மனிதர்கள் நடந்து போவதற்கென்றே அமைந்தது; ஊர்ப்பக்கம் நெருங்க நெருங்கச் செங்குத்தாக ஏறுகிறது. சுமப்பவர்கள் அந்த ஏற்றத்தில் பேசவில்லை. முன்வரிசையில் வந்தவரின் தோளில் நான்காக மடித்த துண்டு இருந்தது. அது நழுவியபோது பின்னால் வந்தவர் சுமையை விடாமல் மற்றக் கையால் அதைச் சரிசெய்தார். சுரூபம் வாயிலைக் கடந்து, தளம் பாவாத அந்தச் சதுக்கத்தில் இறங்கிய பிறகுதான் அவர்கள் மூச்சு விட்டார்கள். துண்டுக்காரருடன் பிறகு பேசினேன். அவர் வசிப்பது பஞ்ஞோரெஜோவில், வேலை அருகிலுள்ள விதெர்போ நகரத்தில். அவருடைய பாட்டி சிவிதாவில் பிறந்தவர். அவர் எந்த ஊர்க்காரர் என்று நீங்கள் எழுதுவீர்கள், கே.? உங்கள் பத்துப் பன்னிரண்டு பேரில் அவர் வரமாட்டார். ஆனால் அவரும் அவரைப் போன்றவர்களும் இல்லாவிட்டால் அந்தத் தூம்பா ஆலய வாசலைத் தாண்டாது.

குடியிருப்பவர்கள் மட்டுமே ஒரு ஊர் என்ற கணக்கை எங்கிருந்தோ கற்றுக்கொண்டிருக்கிறோம். பிழைப்புக்காக வெளியேறியவர்களை ஊரை விட்டுப் போனவர்கள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். உங்களுக்கே இது தெரிந்திருக்க வேண்டும், வேறு நாட்டில் வீடு அமைத்துக்கொண்டு தமிழில் கடிதம் எழுதுகிறவர் நீங்கள். உங்களுடைய ஊரில் நீங்கள் இப்போது ஒருவரும் இல்லை என்று யாராவது சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அதே வலியை முகம் தெரியாத மனிதர்களுக்குக் கொடுக்காதீர்கள். இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம், உங்கள் கடிதத்தின் பிற வரிகளில் உண்மையான ஆர்வம் இருக்கிறது என்பதே.

கழுதைப் பந்தயத்தை விட்டுவிட்டேன். தொன்னா என்று அதற்குப் பெயர். ஜூன் முதல் ஞாயிறும் செப்டம்பர் இரண்டாம் ஞாயிறும் அதே மண் சதுக்கத்தைச் சுற்றி நடக்கும். குழந்தைகளுக்குப் பிடிக்கும், ஆனால் நீங்கள் வசந்தத்தில் போவதால் அது உங்களுக்குக் கிடைக்காது. பெரிய வெள்ளியையே தேர்ந்தெடுங்கள். அன்றிரவுக்குப் பஞ்ஞோரெஜோவில் முன்கூட்டியே அறை பதிவு செய்துகொள்ளுங்கள். மாலையிலேயே சிவிதாவுக்குப் போய் ஆலயத்தில் சற்று நேரம் அமர்ந்திருங்கள், சுரூபத்தை இரு பக்கமும் நின்று பாருங்கள். தூம்பா திரும்பி வரும்போது கைப்பேசியை உயர்த்திக்கொண்டு அவர்களுக்கு முன்னால் ஓடாதீர்கள். பாலம் குறுகலானது, அவர்களுக்கு நேரமும் குறைவு. பிள்ளைகளையும் கைப்பிடிச் சுவரை ஒட்டி நிறுத்தி, வழிவிடுங்கள்.