கோச்சுகள் பதில் போடவில்லை: குறை மகனின் ஆட்டத்திலா?

கேள்வி: நாங்கள் டெக்சஸில் இருக்கிறோம். மகன் பன்னிரண்டாம் வகுப்பு, ஆறடி இரண்டு அங்குலம், கூடைப்பந்தில் பாயிண்ட் கார்டாக (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்) ஆடுகிறான். போன கோடையில் கிளப் அணிக்கு ஆடியபோது இரண்டு டிவிஷன் ஒன் (கல்லூரி விளையாட்டின் மேல்தட்டு) கோச்சுகள் வந்து பேசினார்கள். இப்போது மின்னஞ்சல் போட்டால் சத்தமே இல்லை. ஒருவர் மட்டும் "போர்ட்டல் முடியட்டும், பார்க்கலாம்" என்றார். ஒரு வருடம் ப்ரெப் ஸ்கூலில், அதாவது கல்லூரிக்கு முன் இன்னொரு வருடம் படித்து ஆடும் பள்ளியில், போடலாமா என்று யோசிக்கிறோம். அவன் ஹெச்-4 விசாவில் (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்தது) இருக்கிறான். என்ன செய்வது?

பதில்: அந்த ஒருவர் உங்களிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். போர்ட்டல் என்பது கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பெயர்ப் பட்டியல். மற்றவரும் அதற்குத்தான் காத்திருக்கிறார், சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊர் இன்ஜினியரிங்கில் டிப்ளமா முடித்தவர்கள் நேரே இரண்டாம் வருடத்தில் சேருவார்களே, லேட்டரல் என்ட்ரி என்று. அப்படி வருபவர்களுக்கு முதலில் சீட்டைக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்தால் ப்ளஸ் டூ பிள்ளைகளைக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து இன்று ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது.

முன்பு இப்படி இல்லை. ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் கூடைப்பந்து வீரர் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். அந்த பயத்திலேயே பாதிப்பேர் இருந்த இடத்தில் இருந்தார்கள். 2018 அக்டோபரில், கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. போர்ட்டலைத் திறந்தது. போகிறேன் என்பவரின் பெயர் அதில் ஏறிவிட்டால் எந்தக் கல்லூரி கோச்சும் அவரிடம் பேசலாம். 2021-இல் ஒரு முறை தாவினால் உட்கார வேண்டாம் என்றார்கள். 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் இரண்டாவது தாவலுக்கு இருந்த தடையையும் நிறுத்தி வைத்தது. அடுத்த ஏப்ரலிலேயே, படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று விதியே மாறிவிட்டது. 2024, 2025 வசந்த காலங்களில் ஆடவர் டிவிஷன் ஒன்னில் மட்டும் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் போர்ட்டலில் பெயர் கொடுத்தார்கள். டிவிஷன் ஒன்னில் மொத்தமே 360 சொச்சம் அணிகள்தான். ஓர் அணிக்கு ஐந்தாறு பேர் என்று வருகிறது.

இதோடு பணமும் சேர்ந்துகொண்டது. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில், கல்லூரி வீரர்கள் பணம் கேட்டுத் தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து சுமார் 2.05 கோடி டாலர். அணிக்கு 13 ஸ்காலர்ஷிப் என்ற பழைய கணக்கும் போய், அந்த உடன்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அணியில் 15 பேர் என்று வரம்பு வந்தது.

இப்போது கோச் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். வரும் சீசனில் ஜெயிக்காவிட்டால் அவர் வேலை போகும். கையில் ஐந்து இடம் காலி. ஒரு பக்கம் நூறு கல்லூரி ஆட்டம் ஆடி முடித்த 22 வயது ஆள், மறு பக்கம் உங்கள் பையன். இவன் நன்றாக வர இரண்டு வருடம் ஆகும், வந்த பிறகு இருப்பானா என்பதும் நிச்சயமில்லை. வளர்த்துவிட்டு அடுத்தவனுக்குக் கொடுப்பதற்கு நான் எதற்கு என்றுதான் அவருக்குத் தோன்றும். எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் அவர் கணக்கில் தப்பும் இல்லை.

2025 சாம்பியன் ஃப்ளோரிடாவைப் பாருங்கள். ஹூஸ்டனை 65-63 என்று வீழ்த்திய அந்த அணியின் மூன்று முக்கிய கார்டு ஆட்டக்காரர்களும் சிறிய கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். வால்டர் கிளேட்டன் நியூயார்க்கின் அயோனாவில் இரண்டு வருடம் ஆடியவர். அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லாண்டிக்கிலிருந்தும் வில் ரிச்சர்ட் பெல்மாண்டிலிருந்தும் வந்தார்கள். கிளேட்டன்தான் அந்த இறுதிச் சுற்றின் சிறந்த வீரர். அதற்கு முந்தைய வருடம் டென்னசியில் கலக்கிய டால்டன் நெக்ட் இன்னும் கீழிருந்து வந்தவர்: முதலில் கொலராடோவில் ஒரு ஜூனியர் காலேஜ், அப்புறம் நார்தர்ன் கொலராடோ, அப்புறம் டென்னசி, அங்கிருந்து தொழில்முறை அணியான லேக்கர்ஸ். பள்ளியிலேயே நாடறிந்த கூப்பர் ஃப்ளாக் மாதிரிப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பொருந்தாது, அவர்களை எந்தக் காலத்திலும் வாசலில் வந்து அழைப்பார்கள். பர்டூ பல்கலைக்கழகம் போல, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்தே எடுத்து நான்கு வருடம் வைத்து வளர்க்கும் இடங்களும் இருக்கின்றன, கொஞ்சம்தான்.

ஆக, உங்கள் மகனின் கதவு சின்னக் கல்லூரி. அதைக் குறைவாக நினைக்காதீர்கள். பெரிய கல்லூரியின் பெஞ்சில் உட்கார்ந்தால் இரண்டு வருடம் கழித்து அவனிடம் காட்ட ஒன்றும் இருக்காது. சிறிய கல்லூரியில் ஒரு ஆட்டத்துக்கு முப்பது நிமிடம் ஆடினால் அதுவே அவனுக்குச் சான்றிதழ்.

ஆனால் "இரண்டு வருடத்தில் தாவிவிடலாம்" என்ற நினைப்போடு சேர்க்காதீர்கள். போர்ட்டலில் பெயர் கொடுத்த பிறகு இருக்கும் கல்லூரி அடுத்த பருவத்துக்கான ஸ்காலர்ஷிப்பை நிறுத்தலாம். பெயர் கொடுத்த எல்லோருக்கும் புது இடம் கிடைப்பதும் இல்லை. நம் வீடுகளில் கவனிக்க வேண்டிய இன்னொன்று கிரெடிட், அதாவது முடித்த பாடங்களின் கணக்கு. மூன்றாம் வருடத்துக்குள் நுழையும்போது பட்டத்தின் 40 சதவீதம் முடித்திருக்க வேண்டும், நான்காம் வருடத்துக்கு 60, ஐந்தாவதுக்கு 80. எந்தப் பாடத்தை ஏற்பது என்பதைப் புதுக் கல்லூரிதான் முடிவு செய்யும். கம்ப்யூட்டர் சயின்ஸோ இன்ஜினியரிங்கோ எடுத்த பையன் மாறும்போது நான்கு பாடம் செல்லாமல் போனால், ஆடும் தகுதியைக் காப்பாற்ற லேசான மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) மாற வேண்டியிருக்கும். பந்தே இல்லாவிட்டாலும் இங்கே நான்கு வருடம் படிப்பானா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் மட்டும் சேருங்கள்.

ஒரு மாலை ஒதுக்கி மகனோடு உட்காருங்கள். ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் வீரர் பட்டியல் இருக்கும். பெயர், உயரம், எந்த ஆண்டு, முன்பு படித்த இடம் எல்லாம் அதிலேயே வரும். இருபது கல்லூரிகளை எடுத்து, எத்தனை பேர் பள்ளியிலிருந்து நேரே வந்தவர்கள் என்று எண்ணுங்கள். மூன்று வருடம் முந்தைய பட்டியலையும் திறந்து, அன்று முதலாமாண்டில் இருந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கோச் வாயால் சொல்லாதது அதில் இருக்கும். டிவிஷன் டூ, த்ரீ கல்லூரிகளையும் பட்டியலில் சேருங்கள். டிவிஷன் த்ரீயில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனால் மதிப்பெண் நன்றாக இருந்தால் படிப்புக்கான உதவித்தொகை உண்டு.

ப்ரெப் ஸ்கூல் விஷயம். உடம்பு இன்னும் வளர வேண்டியிருந்தால், கட்டணம் உங்களைக் கடனில் தள்ளாவிட்டால், யோசிக்கலாம். ஆனால் டிவிஷன் ஒன்னுக்கு வேண்டிய 16 முக்கியப் பாடங்களும் பொதுவாக ஒன்பதாம் வகுப்பில் தொடங்கி நான்கு வருடத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். ப்ரெப் வருடத்தில் மதிப்பெண்ணைத் தேற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கணக்கு பெரும்பாலும் செல்லாது. இன்னொன்றும் இருக்கிறது: அடுத்த வருடமும் போர்ட்டல் திறக்கும், இதே வரிசையில்தான் நிற்பான்.

விசாவுக்கு வருகிறேன். படிப்புக்கான ஸ்காலர்ஷிப் வாங்குவதில் சிக்கல் இல்லை. கல்லூரி தரும் சம்பளம் போன்ற பணமும் விளம்பரப் பணமும்தான் சிக்கல். ஹெச்-4 பிள்ளைக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, 21 வயதில் அந்த விசாவும் முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும், அதிலும் வேலைக்குக் கட்டுப்பாடு உண்டு. கென்டக்கியில் ஆடிய காங்கோ வீரர் ஆஸ்கர் ஷீப்வே நாட்டின் சிறந்த வீரர் விருதெல்லாம் வாங்கியவர். அவரே 2022-இல் அணி பஹாமாஸ் போனபோதுதான், அமெரிக்க மண்ணுக்கு வெளியே, தன் விளம்பர வேலைகளைச் செய்தார். எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும், யாராவது ஒப்பந்தம் நீட்டினால் கையெழுத்துக்கு முன்னால் குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பம் ஒரு ஷூ விளம்பரத்துக்காக அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

இப்போது செய்ய வேண்டியது. போர்ட்டலில் பெயர் கொடுக்கும் காலத்தைச் சுருக்கிக்கொண்டே வருகிறார்கள். 60 நாள் இருந்தது 45 ஆகி, 2025-இல் 30 ஆனது, மார்ச் 24 முதல் ஏப்ரல் 22 வரை. பெயர் கொடுத்தவர்கள் இடம் பிடிக்க மே மாதமும் ஓடும். பெரிய கல்லூரிகள் சிறியவற்றிலிருந்து ஆள் எடுத்த பிறகு சிறியவற்றில் இடம் காலியாகும், அப்போதுதான் அங்குள்ள கோச்சுகள் பள்ளிப் பிள்ளைகள் பக்கம் திரும்புவார்கள். ஏப்ரல் கடைசி வாரத்தில், கார்டுகளை இழந்த அணிகளாகப் பார்த்து, மகனே எழுதட்டும், நீங்கள் வேண்டாம். டங்க் அடிக்கும் மூன்று நிமிட வீடியோவோடு, ஒரு முழு ஆட்டத்தின் பதிவும் போகட்டும், தோற்ற ஆட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. நெருக்கடியில் பந்தைத் தொலைக்காமல் கொண்டுபோகிறானா, தடுப்பாட்டத்தில் நிற்கிறானா என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள். மின்னஞ்சலின் முதல் வரியிலேயே உயரம், மதிப்பெண் சராசரி, எந்த ஆண்டு, இந்த இலையுதிர் காலத்திலேயே சேரத் தயார் என்பதைப் போட்டுவிடச் சொல்லுங்கள்.