வாடகை வீடும் வேண்டும், கூட ஒரு ஆளும் வேண்டும்

(மனநல சமூகப்பணியாளராக ஆஸ்பத்திரியிலும், பிறகு வாடகைக் குழு வீடுகளிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எங்கள் பத்தியாளர் இந்த இதழில் வீடற்றோர், மனநோயிலிருந்து தேறியவர்கள் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் தம்பிக்கு 46 வயது. மனச்சிதைவு நோய். பல வருடங்களாக ஒரு ஹோமில் இருக்கிறான். ஒழுங்காக மாத்திரை போடுகிறான். ‘இனி இங்கே இருக்கத் தேவையில்லை, அழைத்துப் போங்கள்’ என்கிறார்கள். அம்மா போன பிறகு ஊரில் இருந்த வீட்டை அண்ணனும் நானும் விற்றுவிட்டோம். என் புகுந்த வீட்டில் அவனை வைத்துக்கொள்ள வழியில்லை. வேறு நல்ல ஹோம் சொல்லுங்களேன்.
— பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: சகோதரி, முதலில் நான் ஒன்று கேட்கிறேன். வீடு விற்ற பணத்தில் தம்பியின் பங்கு எங்கே? கோபித்துக்கொள்ளாதீர்கள். நோயோ ஊனமோ இருப்பதால் ஒருவருடைய வாரிசுரிமை போகாது என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு சொல்கிறது. பெரும்பாலான வீடுகளில் யாரும் ஏமாற்ற நினைத்துச் செய்வதில்லை. ‘அவனுக்கு எதற்குப் பணம், நாம்தானே பார்க்கிறோம்’ என்று அப்படியே போய்விடும். பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். தம்பியின் பங்கு அவர் பேரில் வங்கியில் இருந்தால், வட்டியே வாடகையில் ஒரு பகுதிக்கு ஆகும்.

வாடகை என்றுதான் சொல்கிறேன், ஹோம் கட்டணம் என்று சொல்லவில்லை. 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, போக வீடில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது. வெளியில் வாழ ஆதரவு தருவது அரசின் பொறுப்பு. சட்டம் சொல்கிற அளவுக்கு வீடுகள் வந்தனவா என்றால், அது வேறு கதை.

ஆனால் வழி இருக்கிறது என்று காட்டியவர்கள் நம் ஊரிலேயே உண்டு. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-ல் சென்னையில் தொடங்கிய பான்யன் அமைப்பு, மனநோயோடு தெருவிலிருந்து வந்த பெண்களுக்கு ‘அடைக்கலம்’ என்ற காப்பகத்தை நடத்தி வந்தது. தேறிய பலர் ஊர் திரும்பினார்கள். திரும்ப முடியாதவர்கள் வருடக்கணக்கில் அங்கேயே தங்கிப்போனார்கள். அவர்களுக்காக 2015-ல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். சாதாரணத் தெருவில் வாடகை வீடு, அதில் நான்கைந்து பேர் சேர்ந்து குடித்தனம். தேவைக்கேற்ப கூடவே தங்குகிற, அல்லது வந்துபோகிற ஒரு உதவியாளர். அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா?

இப்படிப்பட்ட வீடுகளில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வருடக்கணக்கில் மணியடித்தால் தட்டை நீட்டியவரிடம் ‘இன்னைக்கு என்ன குழம்பு வைக்கலாம்?’ என்று கேட்டால் ஆரம்பத்தில் பதிலே வராது. ஒரு அம்மா வெகுநாள் செருப்பைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுத்தார். தெருவில் செருப்பு திருடு போகுமே, அந்தப் பழக்கம். இன்னொருவர் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்போட்டால் வெளியே வரமாட்டார். பயந்துபோய்த் தட்டினால் ‘சும்மாதான் இருக்கேன்’ என்பார். அதற்கு முன் அவர் இருந்த இடத்தில் பாத்ரூமுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. அப்புறம் சண்டை. டிவி ரிமோட்டுக்குச் சண்டை, காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்று சண்டை. சண்டையே இல்லாத வீடு என்று யாராவது பெருமையாகச் சொன்னால், நான் நேராகப் போய் மருந்துச் சீட்டில் எத்தனை மில்லிகிராம் என்று பார்ப்பேன்.

நீங்கள் செய்ய வேண்டியது: சிகிச்சைச் சுருக்கம், மருந்துச் சீட்டு, ஆதார், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, அவர் பேரில் ஒரு வங்கிக் கணக்கு. 2016-ம் வருடச் சட்டப்படி மனநோயும் மாற்றுத்திறன் பட்டியலில் உண்டு; அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மருந்து ஒரு நாள்கூட விட்டுப்போகாதபடி பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே பேசி வையுங்கள். குழு வீடு கிடைக்கும்வரை வேறு ஹோம்தான் என்றால், அதற்கு மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேட்காமல் சேர்க்காதீர்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அதிகாலை, மனநோயாளிகளை வைத்திருந்த ஹோமின் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் செத்தார்கள். அவர்களையும் யாரோ ஒரு அண்ணனோ அக்காவோதான் நம்பிக் கொண்டுபோய் விட்டிருப்பார்கள்.

தம்பிக்கு எங்கே இருக்க விருப்பம்? உங்கள் கடிதத்தில் அது பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்த வாரமே போய்க் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் மாடி போர்ஷனை, மனநோயிலிருந்து குணமான நான்கு பெண்களுக்கு வாடகைக்குக் கேட்கிறது ஒரு தொண்டு நிறுவனம். தெருவில் எதிர்ப்பு. கொடுக்கலாமா?
— வீட்டுக்காரர், நங்கநல்லூர்

பதில்: கொடுங்கள் ஐயா. ஆனால் தர்மமாகக் கொடுக்காதீர்கள், வாடகைக்குக் கொடுங்கள். தர்மமாகக் கொடுத்தவர் மூன்றாம் மாதமே ‘இவ்வளவு செய்தும்...’ என்று ஆரம்பிப்பார். ஒப்பந்தம் நிறுவனத்தின் பேரில் இருக்கட்டும். வாடகை வங்கி வழியாக வரட்டும். ராத்திரி ஒரு மணிக்கு போன் அடித்தால் எடுக்கிற ஆள் யார் என்று கேளுங்கள். அலுவலக நம்பரை மட்டும் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முடிந்தால் மாடியை நீங்கள் வைத்துக்கொண்டு கீழ் போர்ஷனைக் கொடுங்கள். இந்தப் பெண்களில் பலருக்கு வயதுக்கு மீறிய முட்டிவலி இருக்கும், சில மாத்திரைகள் தள்ளாட்டமும் கொடுக்கும்.

தெருவைப் பற்றிச் சொல்கிறேன். மனநோயாளி என்றால் அடிப்பார் என்று பயப்படுகிறோம். நிஜத்தில் அவர்கள் அடித்ததைவிட அடி வாங்கியதுதான் அதிகம். தெருவில் படுத்த பெண் என்றால் அடியோடு முடிந்திருக்காது, உங்களுக்கே புரியும். வீடு வீடாகப் போய் அனுமதி கேட்காதீர்கள், முன்பு ஐ.டி. பையன்களைக் குடிவைத்தபோது யாரிடம் கேட்டீர்கள்? வாசலில் போர்டும் வேண்டாம். பால் காய்ச்சுகிற அன்று பக்கத்து வீடுகளைக் கூப்பிடுங்கள், போதும். எனக்குத் தெரிந்த வீட்டுக்காரர்களில் பாதிப்பேர் மனநோய் பற்றிக் கேட்டதைவிட, ‘சைவமா, அசைவமா?’ என்று கேட்டதுதான் அதிகம்.

கேள்வி: பின்லாந்தில் வீடில்லாதவரே இல்லையாமே?
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: இருக்கிறார்கள், தம்பி. ஆனால் மிகவும் குறைத்துவிட்டார்கள். குடியை நிறுத்து, மருந்தை எடு, அப்புறம் வீடு என்பதுதான் பழைய முறை. 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் அதைத் தலைகீழாக்கினார்: முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு. குடியிருப்பவர் தன் வருமானத்தில் 30 சதவீதம் வாடகை கொடுப்பார், மீதியைத் திட்டம் பார்த்துக்கொள்ளும். பின்லாந்து 2008-ல் இதையே தேசியக் கொள்கையாக எடுத்து, ஹெல்சின்கியில் பழைய காப்பகங்களையே தனித்தனிக் குடியிருப்புகளாக மாற்றியது. இங்கே உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கு, நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம். அதுவும் தேவைதான். ஆனால் காப்பகத்தில் பாய் கிடைக்கும், சாவி கிடைக்காது.

கேள்வி: பஸ் ஸ்டாண்டில் ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு அழுக்கோடு கிடக்கிறார். யாரைக் கூப்பிடுவது?
— கடைக்காரர், விழுப்புரம்

பதில்: போலீஸை. ஆச்சரியமாக இருக்கிறதா? அதே 2017 சட்டத்தின் 100-வது பிரிவுப்படி, தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாமல் அலைகிறவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரியில் காட்டுவது அந்த எல்லை ஸ்டேஷனின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஸ்டேஷனில் தயங்கினால் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். என்ன செய்வது என்று ஆலோசனை கேட்க, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416.

தயவுசெய்து ஒன்று. பிடித்து உட்காரவைத்து, முடியை வெட்டிக் குளிப்பாட்டி, பாட்டு போட்டு வீடியோ போடாதீர்கள். மறுநாள் அவர் படுத்திருப்பது அதே பஸ் ஸ்டாண்டில்தான்.

கேள்வி: மகனுக்கு 19 வயது, அறிவுசார் குறைபாடு. எங்கள் காலத்துக்குப் பிறகு என்ன செய்வான்?
— பெற்றோர், ஈரோடு

பதில்: 18 முடிந்துவிட்டதால் சட்டப்படி நீங்கள் அவனுடைய பாதுகாவலர் இல்லை, தெரியுமா? 1999-ம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழுவிடம் மனு கொடுத்துச் சட்டப் பாதுகாவலர் உத்தரவு வாங்குங்கள். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடம் ஒரு லட்சம் வரை மருத்துவச் செலவு கிடைக்கும்.

வீட்டு விஷயத்தில் ‘எங்கள் காலத்துக்குப் பிறகு’ என்று தள்ளிப்போடாதீர்கள். அம்மாவைப் புதைத்த வாரத்தில் புது இடத்துக்குப் போகிற பிள்ளை எப்படித் தாங்குவான்? நீங்கள் தெம்பாக இருக்கும்போதே, வார இறுதியில் இரண்டு ராத்திரி வெளியே தங்கப் பழக்குங்கள். உங்களைப் போன்ற மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சம்பளத்துக்கு ஆள் வைத்து ஆரம்பிக்கலாம். ஆள் சம்பளத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அடிக்கடி ஆள் மாறினால் பிள்ளைகள்தான் அல்லாடுவார்கள்.

ஏற்கனவே நடக்கிற இல்லம் என்றால், ஞாயிற்றுக்கிழமை மதியம் சொல்லாமல் போய் நில்லுங்கள். யார் சமைக்கிறார்கள், எத்தனை பேர் பகலிலேயே தூங்குகிறார்கள் என்று பாருங்கள். ‘விசிட்டிங் டைமில் வாங்க’ என்று கேட்டிலேயே நிறுத்தினால், அந்த இடத்தைப் பட்டியலில் இருந்து அடித்துவிடுங்கள்.