சட்ட ஆலோசனை: பரிணாமப் பாடம் வேண்டாம் என்ற மனுவில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி:

வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். நான் வண்டிப்பெரியாறு பக்கம் ஜீப் ஓட்டுகிறேன். மனைவி எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறாள். ஒரே மகள். ஒரு எய்டட் பள்ளியில் தமிழ் மீடியத்தில் பத்தாவது படிக்கிறாள். போன மாதம் பரிணாமப் பாடம் வந்தபோது உயிரியல் சார், "இது பொய், பரீட்சைக்கு மட்டும் கைடைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, இரண்டு பீரியடும் பைபிளின் ஆதியாகமம் முதல் அதிகாரத்தை வாசித்து, ஆறு நாள் படைப்பை நோட்டில் எழுத வைத்திருக்கிறார். "அப்போ புக்கில் இருக்கிறது, சார்?" என்று கேட்ட என் மகளை அந்தப் பீரியட் முழுக்க வராந்தாவில் நிற்க வைத்துவிட்டார். நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

நாங்களும் விசுவாசிகள்தான். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர்கள். எங்கள் எஸ்டேட் லயக் குடியிருப்பில் சில பெற்றோர் சேர்ந்து மனு ஒன்று எழுதியிருக்கிறார்கள். பரிணாமம் நடத்தினால் படைப்பையும் அதே அளவு நடத்த வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்திலிருந்து விலக்கு வேண்டும் என்பது கோரிக்கை. டெல்லியிலேயே டார்வினை எடுத்துவிட்டார்களாம். பரிணாமம் நடத்துகிற வாத்தியார் மேல் மத உணர்வைப் புண்படுத்தியதாகக் கேஸ் போடலாம் என்றும் ஒருவர் சொல்கிறார். கையெழுத்துப் போடாவிட்டால் சபையில் நிமிர்ந்து நிற்க முடியாது. போட்டால் மகள் முகத்தைப் பார்க்க முடியாது. "பரீட்சையில் நான் எதை எழுதணும் அப்பா?" என்று கேட்கிறாள். என்ன செய்வது?

பெயர் வேண்டாம், பீர்மேடு தாலுகா

பதில்:

சகோதரரே, கையெழுத்துப் போடாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன். அதை அப்படியே சபையிலும் சொல்லுங்கள். உங்கள் விசுவாசத்துக்கு விரோதமாக அதில் ஒரு வார்த்தை இருக்காது.

முதலில் அந்த நோட்டு. இடது பக்கத்தில் பாடத்தின் தலைப்பு மட்டும் இருக்கிறது, கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு. அதற்குக் கீழே வெற்றுத்தாள். வலது பக்கத்தில் 'முதல் நாள், வெளிச்சம்' என்று தொடங்கி 'ஆறாம் நாள், மிருகங்கள், மனிதன்' வரை உங்கள் மகளின் குண்டு குண்டான கையெழுத்து. அடியில் சிவப்பு மையில் ஒரு டிக், தேதி, சாரின் இனிஷியல். அந்த நோட்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். வகுப்பில் பேசியதை நாளைக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். உயிரியல் நோட்டில் வேதபாடத்துக்குப் போட்ட டிக்கை அப்படிச் சொல்ல முடியாது.

அரசியலமைப்பின் 28-வது பிரிவுதான் இங்கே முக்கியம். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனையே கூடாது என்கிறது அதன் முதல் உட்பிரிவு. உங்கள் மகளுடையது எய்டட் பள்ளி. அதற்கு மூன்றாவது உட்பிரிவு பொருந்தும். அரசு அங்கீகாரமோ உதவிப் பணமோ பெறும் எந்தப் பள்ளியிலும் சமய போதனையில் கலந்துகொள்ளும்படி ஒரு பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது. பிள்ளை மைனராக இருந்தால் பெற்றோர் சம்மதம் வேண்டும். அந்த இரண்டு பீரியடுக்கு உங்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் நீங்கள் கொடுத்திருக்கலாம். ஆனால் அதே பெஞ்சில் முருகனைக் கும்பிடும் வீட்டுப் பிள்ளை இருப்பாள், முஸ்லிம் வீட்டுப் பிள்ளை இருப்பாள். குமுளிப் பக்கமென்றால் மன்னான், பளியர் பழங்குடிப் பிள்ளைகளும் இருப்பார்கள். உலகம் உண்டான விதத்தை ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி சொல்லிக் கொடுத்திருப்பார்கள். 'படைப்பையும் நடத்துங்கள்' என்று மனுவில் எழுதினால், யாருடைய படைப்பை என்ற கேள்வி உடனே வரும். இன்றைக்கு இந்த சார் ஆதியாகமம் வாசிக்கலாம் என்றால், நாளைக்கு மாற்றலாகி வருகிறவர் வேறொன்றை வாசிப்பார். அப்போது உங்கள் மகளுக்காக நீங்கள் ஓடிப் போய்ப் பிடிக்க வேண்டியது இதே 28-ஐத்தான். அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகூட அரசு அனுமதியில்லாமல் ஒரே மதத்தின் போதனையை நடத்தக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

பள்ளிக்குள் பைபிள் கதையே வரக் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. அருணா ராய் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் சமய போதனை வேறு, சமயங்களைப் பற்றிய கல்வி வேறு என்று பிரித்துச் சொன்னது. உலகத் தோற்றம் பற்றி வெவ்வேறு சமயங்கள் என்ன சொல்கின்றன என்று சோஷியல் சயின்ஸ் டீச்சர் வகுப்பில் பேசலாம். அதையே உயிரியல் பீரியடில், உயிரியலின் இடத்தில் வைத்து, 'இதுதான் உண்மை, புத்தகம் பொய்' என்று சொல்வதைத்தான் சட்டம் தடுக்கிறது.

'இரண்டையும் சமமாக நடத்து' என்ற கோரிக்கை நம் ஊரில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் இதற்கு நீண்ட கதை உண்டு. 1925-இல் டென்னசி மாநிலத்தில் பரிணாமம் நடத்தியதற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் போட்டார்கள். அப்படிப்பட்ட தடைச் சட்டம் செல்லாது என்று 1968-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. தடுக்க முடியாமல் போனதும், சம அளவு கேட்கும் சட்டம் லூசியானாவில் வந்தது. 1987-இல் அதுவும் அடிபட்டது. பெயரை மாற்றி 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று பென்சில்வேனியாவின் டோவர் ஊர்ப் பள்ளியில் கொண்டுவந்தபோது, 2005-இல் ஒரு ஃபெடரல் நீதிபதி இதுவும் சமயம்தான், அறிவியல் அல்ல என்று எழுதினார். அந்தத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் நாட்டில் உள்ளது அதைவிட நேரடியான வாசகம். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று அரசியலமைப்பின் 51ஏ பிரிவே சொல்கிறது. 1976-இல் 42-வது திருத்தத்தில் சேர்ந்தது அது.

டெல்லி விஷயம் பாதி உண்மை. 2022-இல் டெல்லியில் உள்ள மத்தியப் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று தன் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்தது. 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அதை எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். உங்கள் மகள் படிப்பதோ கேரள மாநிலத்தின் எஸ்.சி.இ.ஆர்.டி. அமைப்பு போட்ட புத்தகம். அதில் பாடம் இருக்கிறது, எஸ்.எஸ்.எல்.சி.யில் கேள்வி வரும். என்.சி.இ.ஆர்.டி.யின் பிளஸ் டூ உயிரியலிலும் பரிணாமம் அப்படியேதான் இருக்கிறது. நீட் பாடத்திட்டத்திலும் இருக்கிறது. டார்வின் தவறு என்று அறிவிக்கக் கேட்டு ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2023 அக்டோபரில் அந்த மனு தள்ளுபடியானது.

விலக்குக் கேட்பதைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். உங்கள் சபையார் மனதில் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. நம் கேரளத்திலேயே விசுவாசத்துக்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட பிள்ளைகள் உண்டு. 1985 ஜூலையில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், பத்திலும் ஒன்பதிலும் ஐந்திலும் படித்தவர்கள், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியே அனுப்பியது. உயர் நீதிமன்றமும் கைவிட்டது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று பெயர். நான் சட்டம் படித்த காலத்தில் முழுதாக உட்கார்ந்து வாசித்த முதல் தீர்ப்பு அது. இன்றைக்கும் ஒரு விசுவாசி என் மேஜைக்கு முன் வந்து உட்கார்ந்தால் அதைத்தான் முதலில் எடுக்கிறேன்.

அந்தத் தீர்ப்பு உங்கள் மகளுக்கும் கவசம்தான். 'கடவுள் இல்லை என்று சொல்' என்று எந்த ஆசிரியரும் அவளைச் சொல்ல வைக்க முடியாது. சபைக்குப் போவதைக் கேலி செய்ய முடியாது. ஆனால் அந்த மூன்று பிள்ளைகளும் கேட்டது பாட்டுக்கு வாய் திறக்காமல் நிற்கும் உரிமையை. பாடத்திலிருந்து விலக்குக் கேட்கவில்லை. பரிணாமப் பாடம் சமய போதனை அல்ல. ஆகவே 28-ஐக் காட்டி அதிலிருந்து விலக்குக் கேட்க வழியில்லை.

மகள் கேட்டதற்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது. புத்தகத்தில் இருப்பதை எழுதச் சொல்லுங்கள். 'இயற்கைத் தேர்வை விளக்குக' என்பது பத்து மாதம் படித்தது தெரியுமா என்று பார்க்கும் கேள்வி. விசுவாசப் பிரமாணம் கேட்கும் கேள்வி அல்ல. பரிணாமம் வெறும் ஊகத்தைவிட மேலானது என்று 1996-இல் போப் இரண்டாம் ஜான் பாலே சொல்லியிருக்கிறார். உங்கள் சபை வேறாக இருக்கலாம். விசுவாசமும் இந்தப் பாடமும் ஒரே வீட்டில் இருக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் அவளிடம் சொல்லுங்கள். கட்டப்பனைப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால், மழைக்காலம் தொடங்கும்போது, மண்ணுக்குள்ளிருந்து ஊதா நிறத்தில் ஒரு தவளை வரும். ஊதிய பலூன் போல உடம்பு, பன்றி போலக் கூர்மூக்கு. வருஷத்துக்குச் சில நாள்தான் வெளியே. அதனால், வருஷத்துக்கு ஒருமுறை ஓணத்துக்கு வரும் மாவேலி மன்னனை நினைத்து, மலையாளத்தில் மாவேலித் தவளை என்பார்கள். 2003-இல்தான் அது அறிவியலில் பதிவானது. அதன் குடும்பத்துக்கு வெளியே நெருங்கிய சொந்தம் இந்த மலையில் எங்கும் இல்லை, கடல் தாண்டி சேஷெல்ஸ் தீவுகளில் இருக்கிறது. ஒட்டியிருந்த நிலம் பிரிந்து பல கோடி ஆண்டு ஆனதால் சொந்தங்கள் அப்படிப் பிரிந்தன என்பதைப் புரியவைப்பது அந்தப் பாடம்தான். இடுக்கிப் பிள்ளைக்கு அதை மறைப்பது எனக்குத் தாங்கவில்லை.

கேஸ் போடலாம் என்பவரிடம் வீண் பயமுறுத்தல் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் சொல்லும் பிரிவு பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299. வேண்டுமென்றே, தீய எண்ணத்தோடு மத உணர்வைப் புண்படுத்தினால்தான் அது குற்றம். அரசு கொடுத்த புத்தகத்தை நடத்துவது அதில் வராது.

அதே நியாயத்தில் உங்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சார் மேல் போலீசுக்குப் போகாதீர்கள். சில வருஷம் முன்பு வேறொரு குடும்பத்துக்காக நான் அப்படி அவசரப்பட்டேன். புகார் நின்றது, பிள்ளை அந்தப் பள்ளியில் நிற்க முடியாமல் போனாள். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது. உங்களுக்கு வேண்டியது சாருக்குத் தண்டனை அல்ல. மார்ச் பரீட்சைக்கு முன் அந்தப் பாடம் நடக்க வேண்டும், பள்ளியிலேயே போடும் சி.இ. மார்க்கில் கை வைக்கக் கூடாது.

எனவே முதலில் எச்.எம்.மை நேரில் பாருங்கள், கையில் எழுத்து மனுவோடு. நாலு வரி போதும். இந்தத் தேதிகளில் இந்தப் பாடம் நடத்தப்படவில்லை, அதற்குப் பதில் சமய நூல் வாசிக்கப்பட்டது, கேள்வி கேட்ட மகள் வெளியே நிறுத்தப்பட்டாள், பாடத்தை முழுமையாக நடத்தித் தரவும். சாரின் மதத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றில் பள்ளி சீலும் தேதியும் வாங்குங்கள். இரண்டு வாரத்தில் அசைவு இல்லையென்றால் அதன் நகலோடு கட்டப்பனை மாவட்டக் கல்வி அதிகாரி (டி.இ.ஓ.) அலுவலகம். பாடம் முடித்த பதிவேட்டை டி.இ.ஓ.விடம் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். பத்து ரூபாய்தான், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

வராந்தாவில் நிறுத்தியதற்கு, மன உளைச்சல் தருவதைத் தடுக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு பதினான்கு வயதோடு நின்றுவிடும். உங்கள் மகள் அதைத் தாண்டியிருப்பாள். ஆனால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் பதினெட்டு வயது வரை பார்க்கும். அது திரும்பவும் நடந்தால் மட்டும் அங்கே போகலாம்.

மலையாளத்தில் எழுத ஆள் தேடி அலைய வேண்டாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம், சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும்.

மனுவைக் கொடுப்பதற்கு முன் மகளிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். நாளைக்கும் அதே வகுப்பில் போய் உட்காரப் போகிறவள் அவள். ஏதாவது ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.