90,000 டாலர் வாங்கியவருக்கு என்ன குறை?

கேள்வி: கர்ட் ஃப்ளட் என்ற அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரரைப் பற்றிப் படித்தேன். 1969-லேயே வருடத்துக்கு 90,000 டாலர் சம்பளம் வாங்கிய மனிதர், வேறு ஊர் டீமுக்கு மாற்றிவிட்டார்கள் என்பதற்காகத் தன்னை அடிமை என்று சொல்லிக்கொண்டு கோர்ட் படி ஏறினாராம். கொஞ்சம் ஓவராகத் தெரியவில்லையா? நான் 31 வருட சர்வீஸில் ஒன்பது டிரான்ஸ்ஃபர் பார்த்தவன், மூட்டையைக் கட்டிக்கொண்டு போனேன், அவ்வளவுதான். அப்புறம், இவ்வளவு பேசப்பட்டவருக்கு அங்கே 'ஹால் ஆஃப் ஃபேம்' மரியாதை ஏன் கிடைக்கவில்லை? ஆட்டம் சுமார்தானோ?

பதில்: ஒன்பது டிரான்ஸ்ஃபருக்கும் சேர்த்து உங்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் ஒன்று சொல்லுங்கள். அந்த ஒன்பதில் ஏதாவது ஒரு தடவை, 'போதுமடா சாமி' என்று ராஜினாமாவை எழுதி மேஜையில் வைத்துவிட்டு, அடுத்த தெருவில் இருக்கும் வேறு ஆபீஸில் அதே வேலைக்குச் சேர்ந்திருக்க முடியுமா, முடியாதா? சேர்ந்தீர்களா என்று கேட்கவில்லை. பென்ஷன் போய்விடுமே, பிள்ளைகள் படிப்பு இருக்கிறதே என்று நீங்கள் இருந்திருப்பீர்கள், அது வேறு. கதவு திறந்திருந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. ஃப்ளட்டுக்கு அந்தக் கதவே கிடையாது.

அங்கே ஒப்பந்தம் பார்வைக்கு ஒரு வருடத்துக்குத்தான். உள்ளே ரிசர்வ் விதி என்று ஒன்று இருக்கும். ஆட்டக்காரர் கையெழுத்துப் போடாவிட்டாலும், பழைய ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டிக்கும் உரிமை கிளப்புக்கு உண்டு என்று அது சொன்னது. அப்படி நீட்டித்த ஒப்பந்தத்திலும் அதே விதி இருக்கிறது, ஆகவே அதையும் நீட்டிக்கலாம், அடுத்ததையும் நீட்டிக்கலாம் என்று முதலாளிகள் அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். ஒரு கிளப்பின் ஆளை இன்னொரு கிளப் தொடாது என்று எல்லாரும் கைகோத்தும் கொண்டார்கள். சின்னப் பையனாகக் கையெழுத்துப் போட்டால் முட்டி தேயும்வரை அந்தக் கிளப்புக்குச் சொந்தம். அது யாருக்கு விற்கிறதோ அப்புறம் அவருக்குச் சொந்தம். பிடிக்கவில்லையா, வீட்டில் உட்காரலாம். வேறு எந்தக் கிளப்பும் வேலை தராது. இதற்குப் பெயர் டிரான்ஸ்ஃபரா?

இனி அவருடைய ஆட்டத்துக்கு வருகிறேன், 'சுமார்' என்ற வார்த்தை என்னை உறுத்துகிறது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் டீமின் சென்டர் ஃபீல்டர் அவர். கிரிக்கெட் கணக்கில் சொன்னால் லாங் ஆன், லாங் ஆஃப் இரண்டையும், அதற்கு இரண்டு பக்கமும் இன்னும் கொஞ்சம் தூரத்தையும் ஒரே ஆள் ஓடிப் பார்த்துக்கொள்வது. 1963 முதல் 1969 வரை ஒரு வருடம் விடாமல், ஏழு தடவை கோல்டு குளோவ், சிறந்த ஃபீல்டருக்குத் தரும் விருது. 1966 சீசன் முழுக்க பிடிப்பதிலோ எறிவதிலோ ஒரு பிழைகூட இல்லை. அதை முன்னும் பின்னும் சேர்த்துப் பார்த்தால் தொடர்ச்சியாக 226 ஆட்டங்கள் பிழையில்லாமல் போயிருக்கிறது. மட்டையிலும் சளைத்தவர் அல்ல, மொத்த சராசரி .293, அதாவது ஆயிரம் தடவை மட்டை பிடித்தால் 293 தடவை பந்தை அடித்துப் பத்திரமாக ஓடிச் சேர்ந்தார், அதற்குப் பெயர்தான் ஹிட். இந்த ஆளை வைத்துக்கொண்டு கார்டினல்ஸ் 1964, 1967 இரண்டு வருடமும், அங்கே வருடத்தின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை ஜெயித்தது.

12 வருடம் அந்த ஊரில் ஆடினார். தொழிலும் அங்கேதான், சிநேகிதர்களும் அங்கேதான். 1969 அக்டோபரில் கிளப்பிலிருந்து நடுமட்ட அதிகாரி ஒருவர் போன் செய்து, உன்னை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியாயிற்று என்கிறார். அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நான்கு பேர், சந்தையில் மாடு மாற்றுவது போல ஏழு பேர் கைமாறினார்கள். ஃபிலடெல்ஃபியா 1,00,000 டாலர் தருவதாகச் சொன்னது. கவனியுங்கள் சார், சம்பளம் கூடியது. பணம்தான் பிரச்சினை என்றால் அன்றைக்கே வாயை மூடிக்கொண்டு போயிருப்பார்.

போகவில்லை. டிசம்பர் 24-ந் தேதி, பேஸ்பால் கமிஷனர் போவி கூனுக்கு ஒரு கடிதம் எழுதினார். 12 வருடம் ஆடிய பிறகும், என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் நான் ஒரு பொருள் அல்ல என்பது அதன் சாரம். கூன் முடியாது என்று பதில் எழுதினார். ஜனவரியில் வழக்கு, ரிசர்வ் விதி ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு விரோதம் என்று. அந்தச் சமயத்தில் ஒரு டிவி பேட்டியில் நீங்கள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்கள்: 90,000 டாலர் வாங்குகிறவர் எப்படி அடிமை ஆவார்? நல்ல சம்பளம் வாங்கினாலும் அடிமை அடிமைதான் என்றார். கேள்வி புதிது இல்லை என்று சொல்ல வந்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த வார்த்தை ஓவரா என்று தீர்மானிக்கும் முன், அது யார் வாயிலிருந்து வந்தது என்று பாருங்கள். 18, 19 வயதில் இவர் அமெரிக்கத் தென் மாநிலங்களில் சின்ன லீக் ஆடிய கறுப்பினப் பையன். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் இருக்கும். முதல் ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் வியர்வையில் நனைந்த உடையைக் கழற்றி ஒரு குவியலாகப் போடுவார்கள், துவைக்கப் போகும். இவரும் போட்டார். உடைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள், நுனியில் ஆணி அடித்த நீளமான குச்சியோடு வந்து, வெள்ளைக்காரப் பையன்களின் துணியிலிருந்து இவருடையதை மட்டும் குத்தித் தூக்கினார். கையால் தொடவில்லை. அது இருபது நிமிடம் தள்ளியிருந்த கறுப்பர்களுக்கான சலவைக் கடைக்குப் போனது. மற்றவர்கள் மாற்று உடையோடு மைதானத்தில் இறங்கிவிட்டார்கள், இவர் உடம்பில் துணியில்லாமல் உள்ளே காத்திருந்தார். லேட்டாக ஓடி வந்தபோது கூட்டம் ஊளையிட்டது. பின்னாளில் அவரே சொன்னது இது. அந்த மனிதர் 'அடிமை' என்ற வார்த்தையை எடுத்தால், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு வந்தால் சொல்லுங்கள்.

வழக்குக்கு வருவோம். ஆட்டக்காரர்கள் யூனியன் தலைவர் மார்வின் மில்லர் முதலிலேயே பச்சையாகச் சொல்லிவிட்டார்: நீ தோற்பாய், உன் ஆட்ட வாழ்க்கையும் முடியும், பிறகு இந்தத் தொழிலில் யாரும் உன்னைப் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள். மற்ற ஆட்டக்காரர்களுக்காவது இதனால் நல்லது நடக்குமா என்று ஃப்ளட் கேட்டார். நடக்கும் என்றார் மில்லர். அது போதும் என்றார் இவர். 1970 மே மாதம் நியூயார்க்கில் விசாரணை. பெரிய லீக்கில் நிற வேலியை உடைத்த கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் வந்து சாட்சி சொன்னார். ஆனால் அப்போது ஆடிக்கொண்டிருந்த ஒரு ஆட்டக்காரர்கூட கோர்ட் பெஞ்சில் வந்து உட்காரவில்லை. யாருக்காகப் போராடினாரோ அவர்கள்தான் சார். பயம். முதலாளி பார்த்துவிடுவாரே.

1972 ஜூன் 19-ந் தேதி சுப்ரீம் கோர்ட் 5-3 என்று இவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பேஸ்பால் மாநிலங்களுக்கிடையே நடக்கும் வணிகம் அல்ல, ஆகவே ஏகபோகத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று 1922-ல் ஒரு தீர்ப்பு வந்திருந்தது. அது பொருத்தமில்லாத பழைய விஷயம் என்று நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள், ஆனாலும் மாற்ற வேண்டியது நாங்கள் அல்ல, நாடாளுமன்றம் என்று கைகழுவினார்கள். தீர்ப்பு எழுதிய நீதிபதி பிளாக்மன் ஆரம்பத்தில் பக்கம் பக்கமாகப் பழைய ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு விளையாட்டைப் புகழ்ந்திருக்கிறார். இரண்டு சக நீதிபதிகள் அந்தப் பகுதியில் மட்டும் சேர மறுத்தார்கள். ஒன்பதாவது நீதிபதி ஒதுங்கிக்கொண்டார், கார்டினல்ஸ் டீமுக்குச் சொந்தக்காரரான பீர் கம்பெனியில் அவருக்குப் பங்குகள் இருந்தன!

ஃப்ளட்டை நான் மகாத்மா ஆக்கப் பார்க்கவில்லை. 1970 முழுக்க ஆடாமல் இருந்துவிட்டு, 1971-ல் வாஷிங்டன் டீமில் சேர்ந்தார். 35 தடவை மட்டை பிடித்து ஏழு ஹிட். 13 ஆட்டம் முடிந்ததும் முதலாளிக்கு ஒரு தந்தி அடித்தார், முயன்று பார்த்தேன், ஒன்றரை வருட இடைவெளி ரொம்ப அதிகம் என்று. விமானம் ஏறிவிட்டார். ஸ்பெயினின் மயோர்கா தீவில் மதுக்கடை நடத்தினார், குடித்தார், கடனும் இருந்தது. அவர் அங்கே இருந்தபோதே, 1975 டிசம்பரில், மெசர்ஸ்மித், மெக்நேலி என்ற இரண்டு பந்துவீச்சாளர்களின் ஒப்பந்தத் தகராறில் தீர்ப்பாளராக இருந்த பீட்டர் சைட்ஸ், நீட்டிப்பு ஒரு வருடம் என்றால் ஒரே ஒரு வருடம்தான் என்று சொல்ல, ரிசர்வ் விதி அன்றோடு காலி. 1970-ல் ஆட்டக்காரர்களின் சராசரி சம்பளம் சுமார் 29,000 டாலர். 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோ என்ற அவுட்ஃபீல்டர், எந்த டீம் என்று தானே தேர்ந்தெடுத்து, 15 வருடத்துக்கு 76.5 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். ஃப்ளட் 1997-ல் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார், வயது 59. அடுத்த வருடம் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் போட்டார்கள்.

ஹால் ஆஃப் ஃபேம் விஷயம்: கடிதத்துக்கு 'முடியாது' எழுதிய கூனுக்கு 2008-ல் அங்கே இடம் கொடுத்தார்கள். மில்லரை அவர் செத்து ஏழு வருடம் கழித்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஃப்ளட்டுக்கு இன்னும் இல்லை. 1,861 ஹிட்தானே, 2,000 இல்லையே என்று கணக்குச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 31 வயதுக்குப் பிறகு ஒரு முழு சீசன்கூட ஆடாதவர், ஆடியிருந்தால் 139 ஹிட் அவருக்கு ஒரு சீசன் வேலை.

அவர் தவறவிட்ட ஒரு பந்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்களே தேடிக்கொண்டு வருவீர்கள். 1968 உலகத் தொடரின் கடைசி ஆட்டம், டெட்ராய்ட்டுக்கு எதிராக, ஏழாவது இன்னிங்ஸ், அதுவரை யாருக்கும் ரன் இல்லை. தலைக்கு மேலே போகும் பந்தைக் கிட்ட விழும் என்று நினைத்து முன்னால் இரண்டு எட்டு வைத்தார், பிறகு திரும்பி ஓடப் பார்த்தபோது கால் வழுக்கியது. இரண்டு ரன் போயிற்று, கோப்பையும் போயிற்று. ஆட்டம் முடிந்து பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்தபோது, தப்பு என்னுடையதுதான் என்றார்.